தினம் ஒன்பது கிலோமீட்டர்: எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

தம்பி,

நீ அனுப்பிய கேள்வியை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். ஆடி விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வேலை பக்கத்து ஊரான வெல்தோவனில், வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை, முதுகுவலியும் உண்டு. கூட வேலை பார்ப்பவர்களில் ஒருவர் ரேஸ் சைக்கிள் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பேட்டரி சைக்கிள் வாங்கச் சொல்கிறார். இதுதானே உன் குழப்பம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதாரண டச்சு சைக்கிள் வாங்கு. ஏழு அல்லது எட்டு கியர் இருக்கட்டும், செயின் முழுதாக மூடியிருக்கட்டும். எல்லாவற்றையும்விட, பிரேம் உன் கால் நீளத்துக்குப் பொருந்தியதாக இருக்கட்டும்.

இங்கே வீட்டுப் பின்பக்கம் என் அப்பாவின் சைக்கிள் இன்னும் நிற்கிறது. உனக்கு எழுத வேண்டுமே என்று இன்று காலை அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மட்கார்டை உப்புக்காற்று அரித்துத் தின்றிருக்கிறது, விரலால் தொட்டால் உதிர்கிறது. செயின் கவரைக் கழற்றினேன். உள்ளே செயின் கறுப்பாக, மசகு ஒட்டியபடி, ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சீட்டைவிட ஹேண்டில்பார் நான்கு விரற்கடை உயரம். சீட்டு அகலமானது, அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங். டயரில் 28 × 1½ என்ற எழுத்து இன்னும் தெரிகிறது. இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நீ அங்கே வாங்க வேண்டிய சைக்கிள், நம் ஊரில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிற சைக்கிளுக்கு உறவுக்காரன். டச்சுக்காரர்கள் 'ஓமாஃபீட்ஸ்', அதாவது பாட்டி சைக்கிள் என்று சொல்கிற பழைய மாதிரியில் இதே அளவு டயர்தான் ஓடுகிறது.

அப்பா மண்டபத்திலிருந்து விடியற்காலையில் பாலம் ஏறி, பாம்பன் தெற்குவாடிக்குப் போய் மீன் எடுத்து வருவார். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலை விட்டால் தரைவழி கிடையாது. திறந்த பிறகு அவருக்கு அந்தச் சைக்கிளே போதும் என்றாகிவிட்டது. சின்ன வயதில் கேரியரில் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். படகுகள் போவதற்காகப் பாலம் நடுவில் உயர்ந்திருக்கிறது அல்லவா, அந்த ஏற்றத்தில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வந்து அறையும்போது அப்பா எழுந்து நின்று மிதிக்க மாட்டார். இறங்கித் தள்ளுவார். ஒற்றைக் கியர் வண்டி, பின்னால் ஐஸோடு மீன், வேறு என்ன செய்ய முடியும்?

அதனால்தான் உன்னிடம் கியரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐந்தோவன் தட்டையான ஊர், மேடே கிடையாது, கியர் எதற்கு என்று உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். மேடு இல்லை, சரி. காற்று இருக்கிறதே! நெதர்லாந்தில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. நம் கச்சானும் அதே திசைதான். உன் வீடு நகரத்துக்குள், வேலை தென்மேற்கே வெல்தோவனில். காலையில் எதிர்க்காற்று, மாலையில் முதுகைப் பிடித்துத் தள்ளுகிற காற்று என்றுதான் பல நாள் அமையும். அமைதியான நாளில் அரை மணி நேரத்தில் போய்விடுவாய். காற்றுள்ள நாளில் நாற்பது நிமிஷம் ஆகும், சரியான கியர் இல்லையென்றால் முட்டி பேசும்.

அங்கே சைக்கிள்களில் கியர் பின் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இருக்கும். வெளியே பல் சக்கரமெல்லாம் தெரியாது, நின்ற இடத்திலேயே மாற்றலாம். ஷிமானோ நெக்ஸஸ் என்ற பெயரில் மூன்று, ஏழு, எட்டு என வருகிறது. மிக லேசான கியரைவிட மிகக் கனமான கியர் எத்தனை மடங்கு என்று பார்த்தால், மூன்றில் 1.86, ஏழில் 2.44, எட்டில் 3.07. கடைத்தெருவுக்குப் போய்வர மூன்று போதும். ஒன்பது கிலோமீட்டர் எதிர்க்காற்றுக்கு ஏழுக்குக் கீழே போகாதே.

அடுத்தது பிரேம் அளவு. இதில் நான் பட்ட பாட்டை நீ படக்கூடாது. 2011-இல் நான் போய்ச் சேர்ந்தபோது, ஊர் மாறிப் போகிற ஒருவரிடம் அவசரத்தில் ஒரு சைக்கிள் வாங்கினேன். நல்ல வண்டிதான், ஆனால் 61 சென்டிமீட்டர் பிரேம். என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். டச்சுக்காரர்கள் உலகிலேயே உயரமானவர்களில் சேர்த்தி, பழைய ஆண்கள் சைக்கிள் பெரும்பாலும் அவர்கள் உடம்புக்குத்தான் கிடைக்கும். சீட்டை அடி வரை இறக்கியும் பெடல் எட்டவில்லை. எட்டி எட்டி மிதித்து, முன்னால் சரிந்து, உடம்புக் கனம் முழுதும் உள்ளங்கையில் இறங்கியது. மூன்றாவது வாரம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், காலையில் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. இடுப்பும் பிடித்துக்கொண்டது. சைக்கிளே நமக்கு ஆகாது என்று முடிவுகட்டி, நான்கு மாதம் பஸ்ஸில் போனேன்.

பிறகு பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். சுவரோரமாக நிற்கச் சொல்லி, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, அதை இரு தொடைக்கும் நடுவே மேலே முட்டும்வரை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்தார், 77 சென்டிமீட்டர். அதை 0.66-ஆல் பெருக்கி, 51 பிரேம்தான் உனக்கு என்றார். நிமிர்ந்து ஓட்டுகிற சைக்கிளுக்கு இந்தக் கணக்கு போதும். நீ இன்றைக்கே செருப்பில்லாமல் நின்று அளந்துவிடு. அந்த அளவில் நடுப் பார் இல்லாத, தாழ்ந்த பிரேம்தான் கிடைத்தாலும் தயங்காமல் எடு. நம் ஊரில் அதை லேடீஸ் சைக்கிள் என்பார்கள், அங்கே ஆண்களும் ஓட்டுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பையோடு ஏறி இறங்கவும் சுலபம், உன் இடுப்புக்கும் நல்லது.

சீட்டு உயரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். சிக்னலில் நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்குபவர்களுக்குத்தான் முட்டிவலி வருகிறது. விரல் நுனி தரையைத் தொட்டால் போதும்.

மெத்தென்ற சீட்டைக் கண்டு மயங்காதே. கடையில் அழுத்திப் பார்க்கும்போது பஞ்சுபோல் இருப்பது, இருபது நிமிஷத்தில் நசுங்கி எலும்பில் இடிக்கும். நிமிர்ந்து உட்காருகிறவனுக்கு அகலமான, கொஞ்சம் இறுக்கமான சீட்டு வேண்டும். ரேஸ் சைக்கிளில் முன்னால் குனிவதால்தான் அதற்குக் குறுகிய சீட்டு வைக்கிறார்கள். முதுகுவலிக்காரன், பல வருஷம் ஓட்டாதவன், தோள்பையோடு அதில் குனிந்து போவது உடம்புக்குக் கேடு. மடிக்கணினியையும் முதுகில் சுமக்காதே. பின் கேரியரில் மாட்டுகிற பை விற்கிறார்கள், சைக்கிளோடேயே அதையும் வாங்கிவிடு.

டயர் 37-லிருந்து 42 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் செங்கல் பாவிய தெருவில் அதிர்வு தெரியாது. ஊரில் கருவேல முள் ஏறி நாம் பஞ்சர் ஒட்டாத வாரம் உண்டா? அங்கே முள்ளுக்குப் பதில் கண்ணாடிச் சில்லு, வேலி வெட்டும் காலத்தில் முள்ளும் உண்டு. உள்ளே தடித்த ரப்பர் அடுக்கு வைத்த டயர்கள் கிடைக்கின்றன. ஷ்வால்பெ மாரத்தான் பிளஸ் நான் போட்டிருப்பது. கனம்தான், ஆனால் மழையில் வழியில் நின்று டியூப் மாற்றுகிற வேலை மிச்சம். ஒன்றை மட்டும் கவனி: 28 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே அளவு அல்ல. ரிம்மின் விட்டம் மில்லிமீட்டரில் புது சைக்கிளில் பெரும்பாலும் 622 இருக்கும், பாட்டி சைக்கிளில் அப்பாவின் வண்டியைப் போல 635 இருக்கும். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் உள்ள அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்து வாங்கு.

செயின் கவர் எதற்கு என்று கேட்பாய். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க சைக்கிள் பாதையிலும் உப்பு தூவுவார்கள். மண்டபத்தில் இரும்பு என்ன பாடு படுமோ அதே பாடு அங்கேயும். மூடிய செயினுக்கு வருஷத்துக்கு ஓரிரு முறை எண்ணெய் போட்டால் போதும், பேண்ட்டும் கறையாகாது.

பிரேக்கில் இரண்டு வகை. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிற வகை அங்கே நிறைய. நமக்கோ சும்மா பெடலைப் பின்னால் சுற்றுகிற பழக்கம், முதல் நாளே நடுவழியில் திடுக்கென்று நின்றுவிடும். அதனால் இரண்டு கையிலும் பிரேக் உள்ளதையே வாங்கு. அதிலும் ஊரில் வலக்கையில் இருக்கும் முன் பிரேக், அங்கே பெரும்பாலும் இடக்கையில் இருக்கும். காலியான இடத்தில் ஒரு மாலை முழுக்கப் பிடித்துப் பழகு. சாலையில் போவதும் வலப்பக்கம் என்பதை மறக்காதே. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகத் தெரிந்தால், அதன் கூர்முனை உன்னை நோக்கியிருந்தால், குறுக்கே வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். சுறாப் பற்கள் என்று அதற்குப் பெயர். தேவிபட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்த உனக்கு அது மறக்காது.

இருட்டில் விளக்கு சட்டப்படி கட்டாயம், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் சூரியன் வரும், மாலை நாலரைக்குப் போய்விடும். போக வர இரண்டு வேளையும் இருட்டுதான். அதனால் முன் சக்கரக் குடத்திலேயே டைனமோ உள்ள வண்டி நல்லது, சார்ஜ் போட மறக்கிற பிரச்சினையே இல்லை. ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தால் அபராதம், 2019 ஜூலை முதல் இது சட்டம்.

பேட்டரி சைக்கிளை நான் பழிக்கவில்லை. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். 25 கிலோமீட்டர் வேகம் வரை மோட்டார் கைகொடுக்கும். ஆனால் விலை பல மடங்கு, திருடர் கண்ணும் அதன்மேல்தான். வந்த முதல் வருஷத்தில், வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் பணம் வேண்டியிருக்கிற நேரத்தில், வேண்டாம். ஒரு குளிர்காலம் சாதாரண வண்டியில் ஓட்டிப் பார், பிறகு முடிவு செய்.

பழையது வாங்கலாம், தப்பில்லை. கசெல், பத்தாவுஸ் என்று அவர்களுடைய பழைய கம்பெனிகள், கசெல் 1892-லிருந்து இருக்கிறது, பத்து வருஷம் ஓடிய வண்டியும் உறுதியாக நிற்கும். ஆனால் கடையில் வாங்கு, ரசீது வாங்கு. தெருவில் ஒருவன் ஐம்பது யூரோவுக்கு நீட்டினால் அது திருட்டு வண்டி. வாங்கினால் நீயும் குற்றவாளி. பிரேம் எண்ணைத் திருட்டு சைக்கிள்களுக்கான அரசுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பூட்டு இரண்டு வேண்டும், சக்கரத்தைப் பிடிக்கிற வளையப் பூட்டு ஒன்று, கம்பத்தோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி ஒன்று.

இன்னொன்றை உன் அலுவலகத்தில் கேள். வேலைக்குப் போய்வர கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை வரியில்லாமல் தர முதலாளிக்கு வழி இருக்கிறது, 2024 முதல் இந்த அளவு. சைக்கிளில் போனாலும் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, நிறையப் பேர் கொடுக்கிறார்கள். உன் பதினெட்டு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கு யூரோவுக்கு மேல் வரும்.

போகிற வழியில் ஹோவன்ரிங் வரும். 2012-இல் திறந்தது, பெரிய சாலைச் சந்திப்புக்கு மேலே சைக்கிளுக்கு மட்டும் வட்டமாக, 24 கம்பிகளில் தொங்குகிற பாலம். அதன் ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பாம்பன் பாலத்தின் நடுமேடுதான் ஞாபகம் வரும். அங்கே இரண்டாவது கியருக்கு இறக்கி, உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிவிடுவேன். அப்பா இறங்கித் தள்ளியது கண்ணில் வந்து போகும்.

நான் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் திரும்புகிறேன். அதுவரை எதையும் வாங்காதே. மாத வாடகைக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள், ஏழு கியர் உள்ளதாக ஒன்று எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வேலைக்குப் போகிற வழியைப் போய்ப் பார்த்துவிடு. கால் அளவை எழுதி அனுப்பு. நான் வந்த முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போவோம். ஊரிலிருந்து உனக்குக் கருவாடோ பனங்கற்கண்டோ கொண்டுவர வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல்.