நெரிசல் கட்டணம் என்றால் என்ன? பணம் வாங்கினால் நெரிசல் குறையுமா?

கூட்டம் மிகுந்த நகரப் பகுதிக்குள், கூட்டம் மிகுந்த நேரத்தில் வண்டியோடு நுழையக் கட்டும் பணம்தான் நெரிசல் கட்டணம். இதை முதலில் கொண்டுவந்த நகரம் சிங்கப்பூர். 1975-இல், காலை வேளையில் மையப் பகுதிக்குள் கார் ஓட்டிப் போக 3 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. நான்கு பேராகச் சேர்ந்து வந்தால் அப்போது கட்டணமே கிடையாது (நல்ல யோசனை!). 1998 முதல் சாலைக்கு மேலுள்ள மின்னணு வளைவுகளே பணத்தைக் கழித்துக்கொள்கின்றன.

காரணம் எளிது. காரை எடுக்கும்போது நம் பெட்ரோலையும் நேரத்தையும்தான் கணக்குப் பார்க்கிறோம். பின்னால் வரும் பேருந்து முழுக்க இருப்பவர்களுக்கு நம்மால் ஆகும் தாமதம் அந்தக் கணக்கில் வருவதில்லை. கட்டணம் அதைக் கணக்கில் சேர்க்கிறது. புனலில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சரசரவென்று இறங்கும், மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். சாலையும் அப்படித்தான். எல்லாரையும் தடுக்க வேண்டாம். சிலர் நேரத்தை மாற்றினாலோ ரயிலில் போனாலோ போதும். ஆனால் பேருந்தும் ரயிலும் ஒழுங்காக இல்லாத ஊரில் இதைத் திணிப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இது அரசு வருமானத்துக்கான வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் வண்டிகளின் வேகத்தைப் பார்த்துத்தான் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள், 2020 ஏப்ரலில் கொரோனாவால் சாலைகள் காலியானபோது வசூலையே நிறுத்திவைத்தார்கள்.