விடியற்காலை ஜெபமும் டிபன் பாக்ஸும்

அன்புள்ள ஐயா,

நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்காதவர்கள் பக்தியில் அனலில்லாத வெதுவெதுப்பானவர்கள் என்று எங்கள் ஆயர் பிரசங்கித்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஏழரைக்குப் பள்ளி வேன், எட்டேகாலுக்கு எனக்கு பஸ். முழங்கால் போட்டால் மனம் டிபன் பாக்ஸுக்குப் போய்விடுகிறது. என் கணவர் தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறார், என்னால்தான் முடியவில்லை. பஸ்ஸில் ஜெபித்தால் ஆகுமா? வேதம் வாசிக்க எந்த அட்டவணை நல்லது?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் இரவு 12.40க்கு வந்திருக்கிறது. முதலில் அதற்குத் திட்டிவிடுகிறேன். அதுவரை விழித்திருந்துவிட்டு, விடியற்காலையில் எழ முடியவில்லை என்று அழுதால் உடம்பு என்ன செய்யும்? காலை ஜெபம் முந்தின ராத்திரி படுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

அட்டவணை எதுவானாலும் சரி. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தால் போதும். நான்கு மணிக் கணக்கையும் விடுங்கள். ஆண்டவர் இயேசு 'அதிகாலையில், இருட்டோடே எழுந்து' போய் ஜெபித்தார் என்றுதான் மாற்கு 1:35 சொல்கிறது, மணி சொல்லவில்லை. முந்தின சாயங்காலம் பட்டணமே அவர் இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. ஜெபிக்கப் போன இடத்துக்கும் சீடர் சீமோன் தேடி வந்துவிட்டார். வேலை இல்லாதவருடைய ஜெபம் அல்ல அது.

பஸ்ஸில் தாராளமாக ஜெபியுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1535இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், தனக்கு முடிதிருத்தும் பேதுரு என்பவருக்கு ஜெபிக்கும் விதத்தை எழுதிக்கொடுத்தார். சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பராக்குப் பார்த்தால் எதிரே இருப்பவரின் மூக்கோ கழுத்தோ அறுபடும், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்கிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பஸ்ஸில் அது எப்படி வரும்?

சரி, என்னை உறுத்தியது வேறு. 'என் கணவர் தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறார்.' இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் சட்னி அரைப்பது யார்? சின்னவனுக்கு ஷூ மாட்டுவது யார்? அவருடைய ஜெபத்துக்கான நேரத்தை நீங்கள் உண்டாக்கித் தருகிறீர்கள், உங்களுக்கு யாரும் தருவதில்லை. 1 பேதுரு 3:7ஐ அவர் வாசித்ததில்லையா? புருஷர்கள் மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யச் சொல்கிறது, எதற்காக? 'உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு.' மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபம்தான் தடைபடும் என்கிறது வேதம். நம் சபைகளில் இந்த வசனத்தின் முன்பாதியில் வரும் 'பெலவீனபாண்டம்', அதாவது மனைவி பலவீனமான பாத்திரம் என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

என் தாத்தா பனையேறி. பதநீர் காலத்தில் இருட்டிலேயே, மரமேறக் காலில் மாட்டும் தளைநாரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து தண்ணீர் இறைத்து, காய்ந்த பனைமட்டையை வைத்து அடுப்பை மூட்டிவிடுவார். அழுகிற என் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார். உள்ளே பாட்டி அரிக்கேன் விளக்கடியில் சங்கீதத்தை விரல் வைத்து வரிவரியாக வாசிப்பாள். கால் மணி நேரம் இருக்கும். 'ஆமென்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் தம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர் தன் ஜெபத்தை முதல் பனையின் தூரில் கை வைத்து, நின்றபடியே முடித்துக்கொள்வார். ஒருநாள் கூடப் போனபோது பார்த்தேன். பட்டையில் உரசி உரசிக் காய்த்துப்போன அந்தக் கை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். நாளைக் காலை அந்த ஒரு மணி நேரத்தில் கால் மணியை அவர் அடுப்படிக்குக் கொடுக்கட்டும். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தலை வாரிவிடத் தெரியாது என்றால், கற்றுக்கொள்ளட்டும்.