பச்சை ‘டி’ எங்கே?

கேள்வி: கூட்டத்தில் ஒரே ஒரு சிவப்புச் சட்டை சட்டென்று கண்ணில் படுகிறது. சிவப்புச் சட்டையோடு தொப்பியும் போட்டவரைக் கண்டுபிடிக்க மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

பதில்: தொப்பி இல்லாத சிவப்புச் சட்டைகளும், வேறு நிறச் சட்டையில் தொப்பிக்காரர்களும் சுற்றி நின்றால்தான் இந்தத் தொல்லை. இதை அளந்து காட்டியவர் உளவியலாளர் ஆன் டிரீஸ்மன். கேரி கெலேடுடன் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், பழுப்பு ‘டி’, பச்சை ‘எக்ஸ்’ எழுத்துகளுக்கு நடுவே பச்சை ‘டி’யைத் தேடச் சொன்னார். அட்டைக்கு 1, 5, 15 அல்லது 30 எழுத்து. நீல எழுத்தைத் தேடியபோது கூட்டம் பெருகியும் நேரம் அதிகம் கூடவில்லை. பச்சை ‘டி’க்கோ எழுத்துக்குச் சுமார் 29 மில்லிவினாடி ஏறியது, ‘இல்லை’ என்று சொல்ல 67. இருந்தால் சராசரியாகப் பாதி வழியில் அகப்பட்டுவிடும், இல்லையென்றால் கடைசிவரை பார்த்தாக வேண்டுமே! நிறமும் வடிவமும் தனித்தனியே பதிவாகின்றன, இரண்டையும் ஒட்டவைப்பது கவனம் என்பது அவர் விளக்கம்.

வீட்டில் செய்து பார்ப்பதானால் இரு வகை எழுத்துகளையும் சரிபாதியாக வையுங்கள். பச்சை குறைந்தால் கண் பச்சையை மட்டும் மேய்ந்துவிட்டு வந்துவிடும். சிவப்பு, பச்சையைப் பிரித்தறியும் குறைபாடு உள்ளவருக்கு நீலம், மஞ்சள் நல்லது. நிறங்கள் பளிச்சென்று வேறுபட்டால் தேடல் வேகமாவதையும் காணலாம். பின்னால் வந்த உளவியலாளர் ஜெரமி வுல்ஃப், டிரீஸ்மன் விளக்கத்தில் கண்டுபிடித்த ஓட்டை அதுதான்.