15 வயதில் கடும் உடல் பருமன்: மருந்து கொடுக்கலாமா?

“மகனுக்கு 15 வயது, எடை 120 கிலோ. உணவைக் குறைத்தும் பயனில்லை, மருந்து உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. “வாயைக் கட்டினால் போதும்” என்று உறவினர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 12 வயது முதலே, உணவு, உடற்பயிற்சி மாற்றங்களோடு மருந்தையும் சேர்க்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023 வழிகாட்டுதல்.

இன்று முன்னணியில் இருப்பது செமாக்ளுடைட். வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் BMI அளவு) சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி பெற்றவர்களிடம் அநேகமாக மாற்றமே இல்லை. 0.25 மில்லிகிராமில் தொடங்கி 2.4 வரை மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் குமட்டலும் வாந்தியும் படுத்தி எடுத்துவிடும். பித்தப்பைக் கல்லும் வரலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி கூடாது.

லிராக்ளுடைட் தினமும் போட வேண்டிய ஊசி, பலனும் குறைவு. ஆர்லிஸ்டாட் மாத்திரை உணவிலுள்ள கொழுப்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. பஜ்ஜி, வடை சாப்பிட்டால் வகுப்பில் இருக்கும்போதே எண்ணெயாக மலம் கசியலாம். எந்தப் பிள்ளை அதைத் தொடர்ந்து விழுங்கும்? பென்டர்மின், டோபிராமேட் கூட்டு மாத்திரையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவைப் பாதிக்கும் என்பதால் பெண்பிள்ளைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை.

மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். தொடங்கும் முன்பே செலவைக் கணக்கிடுங்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தீராப் பசி என்றால், குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சில அரிய மரபணுக் கோளாறுகளுக்கு செட்மெலனோடைட் என்ற தனி மருந்தே இருக்கிறது.