பரணில் கிடைச்ச மர யாளி: வார்னிஷ் அடிக்காதீங்க

வணக்கம் சகோ. தண்டையார்பேட்டை தாத்தா வீட்டுப் பரண்ல கிடைச்ச ஒன்றரை அடி யாளிக்குக் கடைக்காரர் ஐயாயிரம் சொன்னார், வார்னிஷ் அடிச்சா கூடும்னார்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அடிச்சிடாதீங்க! அந்த எண்ணெய்ப் பிசுக்கும் புகைக் கறையும்தான் அதோட வயசுக்குச் சாட்சி.

திருப்பிப் பாருங்க. முதுகுப் பக்கம் உளித் தடம் மேடும் பள்ளமுமா இருந்து, இன்னொரு மரத்துல சொருகுற முனையும் (கழுந்து) இருந்தா, தேர்ல இருந்து கழன்ற சிற்பமா இருக்கலாம். தேருக்கு இலுப்பை மரம் நிறைய போடுவாங்க, தூக்கினா கனம் தெரியும். மெஷின் வட்ட ரம்பம் அறுத்த கோடு தெரிஞ்சா, பழசு தானான்னு சந்தேகப்படுங்க.

எந்தக் கோயில் தேர்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க, அது ரொம்ப முக்கியம். 100 வருஷம் தாண்டியிருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி நாம வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால லண்டன் ஏல விலையை வச்சுக் கணக்குப் போடாதீங்க. முதுகுப் பக்கப் படம் போடுங்க, பாக்கறேன்.