ஓட ஆசை இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

கேள்வியின் சுருக்கம்: வயது 36. எடை கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓடியதே இல்லை. தெருவில் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்ற நினைப்பிலேயே வாசற்படி தாண்ட முடியவில்லை.

கூச்சம் போகட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருக்காதீர்கள். கூச்சத்தோடேயே ஓடலாம். அது உங்கள் வேகத்தைத் தீர்மானிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். புதிதாக ஓட வருகிறவர்களைக் கூச்சம் கெடுப்பது இந்த இடத்தில்தான். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கால் தானாக வேகமெடுக்கும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். நடுவில் நடந்தால் "அவ்வளவுதானா" என்று நினைப்பார்களோ என்று நடக்கவும் மனம் வராது. இரண்டே நிமிடத்தில் மூச்சு முட்டும், விலாவில் பிடிக்கும். "நமக்கு ஓட்டம் ஒத்துவராது" என்ற முடிவோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உடம்பு ஒத்துழைக்காததால் வந்த தோல்வி இல்லை இது. தாங்காத வேகத்தில் ஓடினால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

சரியான வேகம் எது? ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தொடக்கத்தில் இது பெரும்பாலோருக்குக் கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிடம் என்ற அளவில் இருக்கும். பக்கத்தில் விறுவிறுவென்று நடக்கிறவர் உங்களுக்கு ஈடு கொடுத்து வரலாம், சில சமயம் தாண்டியும் போகலாம். போகட்டும். இந்த மெதுவான ஓட்டம்தான் இதயத்தையும் நுரையீரலையும் பழக்குகிறது.

பார்வைகளைப் பற்றி ஒரு விஷயம். 2000ஆம் ஆண்டில் வெளியான, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவின் ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு படம் போட்ட டிஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்பதை நாம் கூட்டித்தான் கணக்குப் போடுகிறோம். ஆனால் நம் ஊர்த் தெருவில் ஓடினால் யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னால் அது பொய். டீக்கடையில் நிற்கிறவர் பார்ப்பார், கோலம் போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். வழக்கமில்லாத ஒன்று கண்ணில் பட்டால் வரும் பார்வை அது. தினமும் அதே நேரத்துக்கு, அதே வழியில் போங்கள். பால் வண்டியைப் போல நீங்களும் அந்தத் தெருவின் காலைப் பொழுதில் ஒரு பகுதியாகிவிடுவீர்கள்.

பெண்களுக்கு இது வெறும் கூச்சம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கமெண்ட் அடிப்பதும் பைக்கில் பின்னால் வருவதும் உண்மையாகவே நடக்கிறது. அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்வது தீர்வாகாது, இடத்தைத்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை 5:30க்கு மேல் நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைந்திருக்கும் இடங்கள் நல்லது: கோவை ரேஸ் கோர்ஸ், சென்னை மெரினாவின் நடைபாதை, உங்கள் ஊர் விளையாட்டு மைதானம், அரசுக் கல்லூரி கிரவுண்ட். அங்கே வந்தவர்கள் எல்லோரும் உடற்பயிற்சிக்குத்தான் வந்திருப்பார்கள், உங்களை வித்தியாசமாகப் பார்க்கக் காரணமில்லை. கூட ஒரு தோழி வந்தால் இன்னும் நல்லது. மெரினாவில் மணலில் இறங்கி ஓடாதீர்கள். மெத்தென்ற மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் தேவைக்கு மேல் இழுபடும், புதியவர்களுக்கு வலி வர வாய்ப்பு அதிகம்.

இனி திட்டம். ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வரை) திட்டம்தான் இன்றும் நான் பரிந்துரைப்பது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை. ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் நிற்காமல் 20 நிமிடம் ஓட வேண்டும். பலர் பயப்படுவது அந்த நாளுக்குத்தான். முடியவில்லையென்றால் அந்த வாரத்தையே இன்னொரு முறை செய்யுங்கள், ஒன்பது வாரம் பதினான்கு வாரம் ஆனால் நஷ்டமில்லை. எடை மிக அதிகமாக இருந்தால், தொடர்ந்து 30 நிமிடம் வேகமாக நடக்க முடிகிற வரை ஓட்டத்தையே தொட வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், படியேறினால் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வருகிறவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் பெரிய லாபம், நடப்பதும் பயிற்சியின் பகுதியாகிவிடுவது. மொபைலில் டைமர் வைத்து, மணி அடித்ததும் நடங்கள். எதிரே யார் வந்தாலும் மணி சொல்வதே கணக்கு. கூச்சத்தால் நடையைத் தள்ளிப்போடும் பழக்கம் இதில் அடிபட்டுப் போகும்.

மூன்றாம், நான்காம் வாரம்தான் ஆபத்தானது. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். "இப்போது சுலபமாக இருக்கிறதே" என்று திடீரெனத் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் நீளமாக ஒரு வலி வரும். சில நாள் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், பிறகு குறைத்து ஓடினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் வலி ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்தால், அதுவும் நடக்கும்போதே வலித்தால், எலும்பில் கீறலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அடியைச் சிறியதாக வையுங்கள். காலை முன்னால் நீட்டிக் குதிகாலால் ஓங்கிக் குத்தினால் அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். விலாவில் பிடித்தால் நடந்துகொண்டே மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், அடங்கிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அரை மணி நேர ஓட்டத்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

செலவு செய்வதென்றால் ஷூவுக்குச் செய்யுங்கள். கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஷூவுக்குச் சமமாக முக்கியம் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. ஓடும்போது ஆடை இறுக்கமாகிவிடுமோ, விலகிவிடுமோ என்ற கவலையே பாதிக் கூச்சத்துக்குக் காரணம். வீட்டிலேயே குதித்துப் பார்த்து, இழுத்துவிடத் தேவையில்லாத உடையை முடிவு செய்யுங்கள். அடர்நிற, தொளதொளப்பான பாலியஸ்டர் டிஷர்ட்டில் வியர்வை அவ்வளவாகத் தெரியாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும், தோலையும் உரசும். தொடைகள் உரசிப் புண்ணாகாமலிருக்க வாஸ்லின் தடவுங்கள்.

கடலோர ஊர்களில் விடிகாலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை ஆவியாகாமல் வழிவதால் உடம்பு குளிராது, அதே வேகம் இரட்டிப்புக் கஷ்டமாகத் தெரியும். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் போங்கள். வெயிலுக்கு உடம்பு பழகக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் எடுக்கும். சாலையில்தான் ஓட வேண்டுமென்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து விலகுங்கள், ஓடினால் இன்னும் துரத்தும். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் ஊற்றி 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

தெரிந்தவர் எதிரே வந்து, "என்னப்பா, திடீர்னு ஓட்டமெல்லாம்?" என்று கேட்பார். எடை, டாக்டர், புத்தாண்டுத் தீர்மானம் என்று விளக்கம் எதுவும் வேண்டாம். "ஆமாண்ணே, காலையில கொஞ்ச நேரம்" என்று சொல்லிக்கொண்டே அதே வேகத்தில் தாண்டிப் போங்கள். அந்த வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் உங்கள் வேகமும் சரியாகத்தான் இருக்கிறது.