கட்டம் போடுவதற்கு முன்னால்: ஸ்டேக்ஹோல்டர் பாடம், கம்யூனிகேஷன் பிளான் பற்றிய கேள்வி பதில்

ஒரு திட்டத்தால் பாதிக்கப்படுகிற, அல்லது அதைப் பாதிக்கக்கூடிய எவரும் ஸ்டேக்ஹோல்டர்தான். அவர்கள் யார், என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்வது ஸ்டேக்ஹோல்டர் அனாலிசிஸ்; யாருக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்று எழுதுவது கம்யூனிகேஷன் பிளான். புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டில் இவ்விரண்டையும் பாடமாக நடத்துபவர்கள், படிப்பவர்கள் இரு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (எம்பிஏ ஆசிரியை): சார், ஒவ்வொரு ஸ்டேக்ஹோல்டருக்கும் எவ்வளவு அதிகாரம், திட்டத்தில் எவ்வளவு அக்கறை என்று பார்த்து நாலு பகுதியில் நிறுத்துகிற அதிகாரம்–அக்கறை கட்டத்தைப் போர்டில் போட்டால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். ஸ்பான்ஸர் (திட்டத்துக்குப் பணமும் ஆதரவும் தருகிற மேலதிகாரி) மேலே வலப்பக்கம், வாடிக்கையாளர் அவருக்குப் பக்கத்தில், மற்றவர்கள் கீழே. எல்லாக் குழுவிலும் இதே விடைதான். இதற்கு மேல் என்ன சொல்லித்தருவது?

பதில்: கட்டத்தைக் கடைசியில் கொடுங்கள் மேடம். மெண்டலோ என்ற ஆய்வாளர் பெயரில் வழங்கும் அந்த நாலு கட்டம், யோசித்து முடித்ததை அடுக்கி வைக்கிற அலமாரி. யோசிக்கிற வேலையை அது செய்யாது.

முதல் வகுப்பில் வெள்ளைத் தாள் மட்டும் போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: இந்தத் திட்டத்தால் இவருக்கு என்ன கிடைக்கும், இவரிடமிருந்து என்ன பறிபோகும், இவர் நமக்கு என்ன செய்து தர வேண்டும். இரண்டாவதில்தான் திணறுவார்கள். ஓர் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்துக்குப் புது மென்பொருள் வருகிறது என்று வையுங்கள். இத்தனை நாள் விடுப்புப் பதிவேட்டை வைத்திருந்த எழுத்தருக்கு என்ன நஷ்டம்? சம்பளம் குறையாது, வேலையும் போகாது. ஆனால் "எனக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?" என்று எல்லோரும் அவர் மேசைக்கு வந்து கேட்பது நின்றுபோகும். பழைய பதிவுகளை எடுத்துத் தர வேண்டியவரும் அவரேதான். "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியே மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம். பதவி வரிசைப்படி பார்த்தால் அவருக்கு அதிகாரமே கிடையாது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்ட மாணவர் அப்புறம் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்ப மாட்டார்.

கேள்வி (கார்ப்பரேட் பயிற்சியாளர்): ஒரு ஸ்டேக்ஹோல்டரின் இடம் போகப்போக மாறும் என்று சொல்கிறோம். வகுப்பில் காட்ட நல்ல நிஜச் சம்பவம் உண்டா?

பதில்: பிரெண்ட் ஸ்பார். வட கடலில் ஷெல் எண்ணெய் நிறுவனம் வைத்திருந்த பெரிய எண்ணெய்ச் சேமிப்பு மிதவை அது. பயன்பாடு முடிந்ததும் அட்லாண்டிக் ஆழ்கடலில் மூழ்கடித்துவிடலாம் என்று ஷெல் திட்டமிட்டது. பிரிட்டிஷ் அரசும் சம்மதித்தது. கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, பட்டியலும் கட்டமும் தயாரிக்கச் சொல்லுங்கள். அரசு இருக்கும், பொறியாளர்கள் இருப்பார்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

பிறகு தேதிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுங்கள். 1995 ஏப்ரல் 30-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் மிதவையில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் வண்டி ஓட்டுகிற சாதாரண மக்கள் ஷெல்லின் பெட்ரோல் பங்க்குகளில் பெட்ரோல் போடுவதைத் தவிர்த்தார்கள். ஜூன் 20-ல் ஷெல் திட்டத்தையே கைவிட்டது. அந்த ஜெர்மன் வண்டிக்காரரை எத்தனை குழு எழுதியிருந்தது என்று அப்போது கேளுங்கள். இன்னொரு தேசத்தில் பெட்ரோல் போடுகிறவர் பிரிட்டிஷ் கடல் விவகாரத்தில் எப்படி நுழைவார் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

இதில் ஒரு கொசுறும் உண்டு. மிதவையில் மிச்சமிருக்கும் எண்ணெய் பற்றி கிரீன்பீஸ் சொன்ன கணக்கு தப்பு என்று அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் முடிவு மாறிவிட்டிருந்தது. சரியான தகவல் கையில் இருந்தால் போதும், மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று வாதாடும் மாணவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். அவருக்காக இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (மாணவர்): எந்த ஸ்டேக்ஹோல்டருக்கு முக்கியத்துவம் தருவது என்பதற்கு மிட்செல், ஏகிள், வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-ல் தந்த மாதிரியும் படிக்கணுமா சார்? கட்டமே போதாதா?

பதில்: அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம் என்ற மூன்று வட்டங்களும், அவை ஒன்றையொன்று வெட்டுவதால் வரும் ஏழு வகைகளும் தேர்வுக்கு வேண்டும். வேலைக்கு அந்த 'அவசரம்' ஒன்றே போதும் என்பது என் கருத்து. நாலு கட்டத்தில் இல்லாதது அதுதான்.

கேள்வி (சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்): ஒரு குழுவில் இருவர் இருவராக எத்தனை விதத்தில் பேசிக்கொள்ளலாம் என்று பார்க்கிற தொடர்பு வழிகளின் எண்ணிக்கைக் கணக்கில் எப்போதும் தப்பு விடுகிறேன்.

பதில்: ஆட்களின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுக்கணும். 9 பேர் என்றால் 36, 12 பேர் என்றால் 66. மூன்று பேர் கூடுதலாக வந்தால் எத்தனை வழி கூடும் என்று கேட்டால் விடை 30. அவசரத்தில் 66 என்று எழுதிவிடுவார்கள். "உங்கள் குழுவில் 8 பேர்" என்றால் மேனேஜரான உங்களையும் சேர்த்துத்தானா என்று கேள்வியை இன்னொருமுறை படியுங்கள்.

கேள்வி (பாலிடெக்னிக் விரிவுரையாளர்): கம்யூனிகேஷன் பிளான் எழுதச் சொன்னால் ஒப்புக்கு ஒரு அட்டவணை வருகிறது. எதை வைத்து மதிப்பெண் போடுவது?

பதில்: பெரும்பாலும் வருகிற வரி இது: "நிதித் துறை – நிலை அறிக்கை – மின்னஞ்சல் – வாரம் ஒருமுறை." இதைப் படித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நிதித் துறை என்ன செய்யணும்?

அட்டவணையில் ஒரு பத்தியை, அதாவது மேலிருந்து கீழ் வரும் ஒரு வரிசையை, கூட்டுங்கள்: 'படித்தபின் அவர் செய்ய வேண்டியது'. உடனே அதே வரி மாறும்: "நிதி மேலாளர் – அடுத்த மாதம் எவ்வளவு பணம் தேவை, ஏன் – ஒரு பக்கக் குறிப்பும் பத்து நிமிட அழைப்பும் – ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் – 25-க்குள் ஒப்புதல் தருவார் – தராவிட்டால் மேனேஜரே நேரில் போவார்." 'வாரம் ஒருமுறை' மாதத்துக்கு ஒன்றானதைக் கவனியுங்கள். அவர் முடிவெடுப்பது மாதம் ஒருமுறைதான். துறை என்பதும் ஓர் ஆளாகிவிட்டது. துறைக்கு அனுப்பும் மின்னஞ்சல் கிணற்றில் போட்ட கல். அந்தப் புதுப் பத்தி காலியாக இருக்கிற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பத்து வரிப் பிளான் ஆறாகச் சுருங்கினால் சந்தோஷப்படுங்கள்.

பாதி மதிப்பெண்ணை இந்தப் பத்திக்கே கொடுப்பேன். வடிவத்துக்கு, வண்ணத்துக்கு எதுவும் கிடையாது.

கேள்வி (அதே விரிவுரையாளர்): வகுப்பில் 60 பேர். நடிக்க வைத்துச் சொல்லித்தர முடியுமா?

பதில்: ஆறு பேர் நடித்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் அவர் வெளியே சொல்வது ஒன்று, மனதில் இருப்பது வேறு. மற்றவர்கள் சிறு குழுக்களாகப் பேட்டி எடுக்கணும், குழுவுக்கு ஐந்து கேள்விதான். "திட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டு ஒரு கேள்வியை வீணடிப்பார்கள். வீணடிக்கட்டும், குறுக்கே போகாதீர்கள்.

கேள்வி (மென்பொருள் குழுத் தலைவர்): வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து காட்டுகிற அஜைல் முறையில் இதெல்லாம் தேவையா?

பதில்: தினசரி கூட்டமும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் செய்ததைக் காட்டுகிற ஸ்பிரிண்ட் ரிவ்யூவும் குழுவுக்கும் வாடிக்கையாளருக்கும் போதும். ரிவ்யூவுக்கு வராத சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு ஆட்களுக்குப் பிளான் வேண்டும்.

கேள்வி (புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்): ஒவ்வொரு ஸ்டேக்ஹோல்டரும் திட்டத்தை எந்த அளவுக்கு ஆதரிக்கிறார் என்று குறிக்கிற ஈடுபாட்டு அட்டவணையில் ஒருவரை 'எதிர்ப்பவர்' என்று குறித்தேன். அது பொது ஃபோல்டரில் இருக்கிறது. சரியா?

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அறியாதவர், எதிர்ப்பவர், நடுநிலை, ஆதரவாளர், முன்னின்று நடத்துபவர் என்ற ஐந்து நிலைகளும் உங்களுக்கும் ஸ்பான்ஸருக்கும் மட்டுமே. பொதுப் பிரதியில் பெயர், பொறுப்பு, தொடர்பு முறை மூன்றும் இருந்தால் போதும். தனிப் பிரதியிலும் ஆளுக்கு முத்திரை குத்தாமல், "பழைய பதிவுகளைத் தருவதில் தயக்கம், காரணம் கேட்கணும்" என்று நடந்ததை எழுதுங்கள். ஒருவேளை அவர் கண்ணில் பட்டாலும் அவரிடமே பேசக்கூடிய வாக்கியமாக அது இருக்கும்.